மாட்டு மருந்தில் தெரிந்த சிறுநீரகம்

எக்ஸ்-ரேயின் கதை – 9

பேரியம் குடலோடு நின்றுவிட்டது. தண்ணீரில் கரையாது என்பதுதான் அதன் பெருமை. கரையாததால்தான் உடம்பில் ஒட்டாமல், குடித்த மாவு குடல் வழியாகவே வெளியேறியது என்று சென்ற வாரம் பார்த்தோம். அந்தக் குணமே இன்னொரு கதவை அடைத்தும் விட்டது. கரையாத மாவை ரத்தத்தில் ஏற்ற முடியாது; ஏற்றினால் நுண்குழாய்கள் அடைத்து ஆள் போய்விடுவார். ஆக, 1920 வாக்கில் இரைப்பைப் புண்ணைப் படத்தில் பார்த்துவிட்ட மருத்துவர்களுக்கு, ரத்தக்குழாயும் சிறுநீரகமும் இன்னும் எட்டாமலே இருந்தன.

சிறுநீரகத்தைப் பார்க்க அன்றைக்கு இருந்த ஒரே வழி கீழிருந்து மேலே ஏறுவது. 1906-ல் ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் ஃபிரிட்ரிக் ஃபோல்கர், அலெக்சாண்டர் ஃபோன் லிக்டன்பெர்க் என்ற இரண்டு மருத்துவர்கள் இதைச் செய்து காட்டினார்கள். சிறுநீர்த் துவாரத்தில் உலோகக் குழாய் ஒன்றை விட்டு மூத்திரப்பைக்குள் போக வேண்டும். பையின் சுவரில் சிறுநீரகத்திலிருந்து வரும் குழாய் திறக்கிற சின்ன வாயைத் தேடிப் பிடிக்க வேண்டும். அதற்குள் மெல்லிய குழாயை நுழைத்து, வெள்ளி கலந்த கொலார்கால் என்ற கரைசலை மேல்நோக்கிச் செலுத்த வேண்டும். வெள்ளி எக்ஸ் கதிரை மறிக்கும். சிறுநீரகத்தின் உட்குழி படத்தில் விழும். நோயாளி பட்ட பாட்டைச் சொல்ல வேண்டியதில்லை. கை கொஞ்சம் அழுத்தினால் வெள்ளி சிறுநீரகத்தின் சதைக்குள்ளேயே புகுந்துவிடும். அப்படி இறந்தவர்களும் உண்டு.

லிக்டன்பெர்க் என்ற பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இருபத்து மூன்று ஆண்டு கழித்து இதே கதைக்குள் வேறு வேடத்தில் வருவார்.

அயோடின் இந்தக் கதைக்குள் நுழைந்தது மேகநோய் வார்டு வழியாக. பென்சிலின் வராத காலம். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் சிபிலிஸ் நோயாளிகளுக்குச் சோடியம் அயோடைடை வாய் வழியாகவும் நரம்பிலும் அதிக அளவில் கொடுத்து வந்தார்கள். அப்படி மருந்து ஏறியவர்களுக்கு எடுத்த படங்களில் மூத்திரப்பை வெள்ளையாகத் தெரிந்தது. பைக்குள் யாரும் எதையும் செலுத்தவில்லை. நரம்பில் ஏற்றியது சிறுநீரகத்தில் வடிகட்டப்பட்டு, சிறுநீரோடு பைக்குள் வந்து சேர்ந்திருந்தது. ஏர்ல் ஆஸ்பர்ன், லெனார்ட் ரவுன்ட்ரீ முதலானோர் 1923-ல் இதைக் கட்டுரையாக வெளியிட்டார்கள்.

காரணம் எளியது. அணு எண் கூடக் கூட எக்ஸ் கதிரை மறிக்கும் வலுவும் கூடும். எலும்பிலுள்ள கால்சியத்தின் அணு எண் 20; அயோடினுக்கு 53. பேரியத்துக்கு 56. எனவே பேரியத்துக்குச் சற்றும் குறையாத நிழல் அயோடினிலும் கிடைக்கும். பேரியத்தால் முடியாத ஒன்றும் அதற்கு முடியும்: தண்ணீரில் கரையும் உப்பாக ரத்தத்தில் போகும்.

ஆனால் மேயோவின் படங்களில் மூத்திரப்பைதான் ஒழுங்காக வந்தது. சிறுநீரகம் மங்கல். தெளிவாகத் தெரிய வேண்டுமானால் அளவைக் கூட்ட வேண்டும். கூட்டினால் வாந்தி, தோலில் தடிப்பு, மூக்கிலும் கண்ணிலும் ஒழுக்கு. தனியாகத் திரியும் அயோடைடு உடம்புக்கு நல்லதல்ல. அது முழுவதும் சிறுநீரில் வெளியேறுவதும் இல்லை. தைராய்டு ஒரு பங்கை இழுத்துக்கொள்ளும். ஆகவே தேவைப்பட்டது, அயோடினைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, வழியில் எங்கும் இறக்கிவிடாமல், நேரே சிறுநீரகத்துக்குப் போய் வெளியேறும் ஒரு மூலக்கூறு. அதைக் கண்டுபிடித்தவர்கள் அதைத் தேடவே இல்லை என்பதுதான் இந்த வாரக் கதை.

பெர்லினில் அப்போது வேளாண் உயர்கல்லூரி ஒன்று இருந்தது. அங்கே வேதியியல் பேராசிரியர் ஆர்தர் பின்ஸ். கூட வேலை பார்த்தவர் குர்ட் ராத். பால் எர்லிக் ஆர்செனிக்கைக் கொண்டு சிபிலிஸுக்கு மருந்து கண்டு பத்துப் பதினைந்து ஆண்டு ஆகியிருந்தது. கிருமியைக் கொல்லும் அடுத்த மருந்தை ஜெர்மன் வேதியியலாளர் எல்லோரும் தேடிக்கொண்டிருந்த நேரம். பின்ஸும் ராத்தும் பிரிடின் என்ற வளைய மூலக்கூறை எடுத்துக்கொண்டு, அதில் ஆர்செனிக்கையும் அயோடினையும் மாற்றி மாற்றி ஒட்டிப் பார்த்தார்கள். அயோடின் ஒட்டிய ஒரு சரக்குக்குச் செலக்டான் என்று பெயர். வேளாண் கல்லூரி அல்லவா, அது முதலில் போன இடம் மாட்டுத் தொழுவம். கறவை மாடுகளின் மடிநோய்க்குக் கொடுத்துப் பார்த்தார்கள். பிறகு மனிதருக்கு வரும் தொற்றுகளுக்கும் உதவுமா என்று மருத்துவமனைகளுக்கு அனுப்பினார்கள். ஹாம்பர்க்கை ஒட்டிய அல்டோனாவில் லியோபோல்ட் லிக்ட்விட்ஸ் என்ற பேர்பெற்ற மருத்துவரின் வார்டு அதில் ஒன்று.

1928-ல் அந்த வார்டுக்கு ஓர் அமெரிக்க இளைஞர் வந்து சேர்ந்தார். மோசஸ் ஸ்விக். நியூயார்க்கின் மவுன்ட் சினாய் மருத்துவமனையில் பயின்றவர். உதவித்தொகை பெற்று மேற்படிப்புக்காக ஜெர்மனி வந்தவர். செலக்டான் கிருமியைக் கொல்கிறதா என்று மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஸ்விக் அதன் வாய்பாட்டைப் பார்த்தார். உள்ளே அயோடின் இருக்கிறது. சிறுநீரில் வெளியே வருகிறது. அப்படியானால் எக்ஸ்-ரே எடுத்தால் என்ன?

எடுத்துப் பார்த்தார். சிறுநீரகமும் குழாயும் தெரிந்தன. நரம்பில் ஒரு ஊசி, அவ்வளவுதான். கீழிருந்து குழாய் விடுகிற வேலையே இல்லை.

படம் நன்றாக வந்தாலும் செலக்டானில் குமட்டலும் தலைவலியும் இருந்தன. அதைவிட எளிதாகக் கரையும், தொல்லை குறைந்த உறவுச் சரக்கு ஒன்று ஸ்விக்குக்கு வேண்டும். ராத் ஏற்கெனவே செய்து வைத்திருந்தவற்றில் அப்படி ஒன்று இருந்தது. அதுதான் யூரோசெலக்டான். பரிசோதிக்க நிறைய சிறுநீரக நோயாளிகளும் வேண்டும். லிக்ட்விட்ஸின் வார்டில் அத்தனை பேர் இல்லை. அவர் ஸ்விக்கைப் பெர்லினுக்கு அனுப்பினார். புனித ஹெட்விக் மருத்துவமனையின் பெரிய சிறுநீரகப் பிரிவுக்கு. அந்தப் பிரிவின் தலைவர் நாம் மேலே பார்த்த லிக்டன்பெர்க்.

1929-ல் யூரோசெலக்டான் முதலில் வெற்றி தந்தபோது லிக்டன்பெர்க் ஊரிலேயே இல்லை. அமெரிக்காவில் சொற்பொழிவுப் பயணத்தில் இருந்தார். திரும்பி வந்து படங்களைப் பார்த்தவருக்கு என்ன தோன்றியிருக்கும் என்று ஊகிப்பது கஷ்டமில்லை. இதே சிறுநீரகத்தைப் பார்க்க வெள்ளிக் கரைசலோடு மல்லுக்கட்டியவர் அவர். அந்த ஆண்டு செப்டம்பரில் மியூனிக்கில் நடந்த ஜெர்மன் சிறுநீரகவியல் மாநாட்டில் செய்தி உலகுக்குச் சொல்லப்பட்டது. நவம்பரில் ஒரு வார மருத்துவ இதழில் இரண்டு கட்டுரைகள் அடுத்தடுத்த பக்கங்களில் வந்தன. முதலாவது ஸ்விக் தனியாக எழுதியது. அடுத்தது லிக்டன்பெர்க்கும் ஸ்விக்கும் சேர்ந்து எழுதியது. ஷெரிங் நிறுவனம் மருந்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது.

பிறகு தொடங்கியது சண்டை. கண்டுபிடித்தது யார்? உலகம் முழுக்க அறிந்த பேராசிரியரா, யாரும் கேள்விப்படாத மேற்படிப்பு மாணவரா? மாநாடுகளில் வெளிச்சம் விழுந்தது பேராசிரியர் மேல். நியூயார்க் திரும்பிய ஸ்விக் தன் பங்கைச் சொல்லிக்கொண்டே இருந்தார், கேட்கத்தான் ஆளில்லை.

இந்த வழக்கில் என் தீர்ப்பு ஸ்விக்கின் பக்கம். பின்ஸும் ராத்தும் மருந்தைச் செய்தார்கள். அவர்கள் இல்லாமல் ஒன்றுமில்லை. ஆனால் அவர்கள் கையில் இருந்தது கிருமிக்கொல்லி. லிக்டன்பெர்க் நோயாளிகளையும் கருவிகளையும் தந்தார், முறையைச் செப்பனிட்டார், பரப்பினார். அதுவும் சிறிய வேலையல்ல. என்றாலும், பலர் கையில் புரண்ட ஒரு புட்டியைப் பார்த்து, இதை மருந்தாக இல்லாமல் மையாகப் பயன்படுத்தினால் என்ன என்று கேட்டவர் ஸ்விக். கேள்விக்குச் சொந்தக்காரருக்குத்தான் கண்டுபிடிப்பும் சொந்தம். நியூயார்க் மருத்துவ அகாடமி 1960-களின் நடுவில் அவருக்கு வேலன்டைன் பதக்கம் கொடுத்து இதை ஒப்புக்கொண்டது. முப்பத்தைந்து ஆண்டு தாமதம்.

சண்டையின் இன்னொரு தரப்பாரையும் வரலாறு சும்மா விடவில்லை. 1933-ல் ஹிட்லர் வந்தார். லிக்ட்விட்ஸும் லிக்டன்பெர்க்கும் யூதர்கள். லிக்ட்விட்ஸ் நியூயார்க்குக்குப் போனார். லிக்டன்பெர்க் 1936-ல் புடாபெஸ்டுக்குத் திரும்பி, அங்கிருந்து மெக்சிகோ போய், 1949-ல் அங்கேயே இறந்தார். பெர்லினில் அத்தனை பெரிய பிரிவை நடத்தியவர்.

சிறுநீரகத்துக்கு நரம்பில் மருந்து ஏற்றிப் படம் எடுக்கும் அந்த முறைதான் நம் ஊரில் ஐ.வி.பி. என்று பெயரெடுத்தது. இரண்டு தலைமுறைத் தமிழர்களுக்குக் கல்லடைப்பு என்றால் ஐ.வி.பி. முதல் நாள் ராத்திரி குடலைக் கழுவ விளக்கெண்ணெய். காலையில் வெறும் வயிற்றோடு மேஜையில் படுக்கை. ஊசி போட்டபின் வயிற்றைப் பட்டையால் இறுக்கி, சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஒரு ஃபிலிம். சாதாரண எக்ஸ்-ரேயில் பிடிபடாத யூரிக் அமிலக் கல்லைக்கூட இது காட்டிக்கொடுத்துவிடும்: அயோடின் நிறைந்த வெள்ளைக்கு நடுவே கல் இருக்குமிடம் மட்டும் கறுத்துத் தெரியும். சி.டி. வந்தபிறகுதான் ஐ.வி.பி. ஒதுங்கியது.

அடுத்த இருபது ஆண்டு வேதியியலாளர்களின் காலம், வேகமாகக் கடந்துவிடலாம். ஒரு மூலக்கூறில் அயோடின் எத்தனை கூடுகிறதோ அத்தனைக்குப் படம் தெளியும். யூரோசெலக்டானில் இருந்தது ஒன்று. பிரிடினை விட்டுப் பென்சீன் வளையத்துக்குப் போனார்கள். அமெரிக்காவின் மாலின்க்ராட் நிறுவனத்தில் வெர்னன் வாலிங்ஃபோர்ட் ஒரே வளையத்தில் மூன்று அயோடினை உட்காரவைத்தார். 1950-களின் நடுவில் வந்த டயட்ரிசோயேட்டும் அந்த வழியில் பிறந்ததுதான். யூரோகிராஃபின் என்ற அதன் வணிகப் பெயரைக் கேட்டால் பழைய எக்ஸ்-ரே டெக்னீஷியன்கள் தலையாட்டுவார்கள். இன்றுவரை இந்தத் துறையில் நரம்பில் ஏற்றும் அயோடின் மருந்துகள் எல்லாவற்றுக்கும் அடித்தளம் அந்த மூன்று அயோடின் வளையம்தான்.

மீதி இருந்தது வலி.

சுவீடனின் மால்மோ நகரில் டார்ஸ்டன் அல்மேன் என்ற கதிரியக்க மருத்துவர், 1960-களில் காலின் தமனிகளுக்குள் இந்த மருந்தைச் செலுத்திப் படம் எடுத்துவந்தார். மருந்து பாய்ந்த நொடியில் நோயாளிகள் கால் எரிகிறதென்று துடித்தார்கள். அசையக் கூடாத நேரத்தில் அசைந்தார்கள். வலியில்லாமல் எடுக்கச் சிலருக்கு மயக்கமருந்தே கொடுக்க வேண்டியிருந்தது. பாடநூல்கள் இதை மருந்தின் நச்சுத்தன்மை என்று சொல்லிவிட்டு நகர்ந்தன. அல்மேனுக்கு அந்தப் பதில் போதவில்லை.

அவருக்குச் சிறுவயதில் கடலில் நீந்திய ஞாபகம். பால்டிக் கடலில் கண்ணைத் திறந்துகொண்டே முங்கலாம், எரியாது. சுவீடனின் மேற்குக் கரைக்குப் போய் அப்படி முங்கினால் கண் எரியும். பால்டிக் நீர் உப்புக் குறைந்தது. ஏறக்குறைய கண்ணீரளவு உப்புதான். மேற்குக் கடலில் அதைப்போலச் சில மடங்கு. கண்ணை எரித்தது நஞ்சல்ல, செறிவு. அதே கணக்கை ரத்தக்குழாய்க்குப் போட்டுப் பார்த்தார். ரத்தத்தின் சவ்வூடு செறிவு சுமார் 290. அன்றைய அயோடின் கரைசல்களுக்கு 1,500-க்கு மேல். ரத்தத்தைப்போல ஐந்து ஆறு மடங்கு செறிந்த திரவம் பாயும்போது செல்களிலுள்ள நீர் வெளியே இழுக்கப்படுகிறது, சிவப்பணு சுருங்குகிறது, குழாயின் உட்சுவர் புண்படுகிறது. எரியாமல் என்ன செய்யும்?

அதைக் குறைக்க வழி என்ன? அன்றைய மருந்துகள் எல்லாம் உப்புகள். நீரில் போட்டதும் இரண்டாகப் பிரியும்: அயோடின் சுமந்த ஒரு துண்டு, சோடியம் போன்ற ஒரு துண்டு. படத்துக்கு உதவுவது முதல் துண்டுதான். இரண்டாவது வெறுமனே கூட வந்து செறிவை இரட்டிப்பாக்குகிறது. பிரியாத மூலக்கூறு ஒன்றைச் செய்தால், அதே அளவு அயோடினுக்குத் துகள்கள் பாதியாகிவிடும். உப்பாக இல்லாமல் எப்படிக் கரையும்? சர்க்கரை கரையவில்லையா! சர்க்கரையில் உள்ளதுபோல ஹைட்ராக்சில் கிளைகளை வளையத்தில் சுற்றிலும் ஒட்டினால் தண்ணீர் அதை ஏற்றுக்கொள்ளும்.

யோசனை சொன்னவர் வேதியியலாளர் அல்லர். மருந்து நிறுவனங்களிடம் எடுத்துப்போனார். ஒன்றன்பின் ஒன்றாகக் கையை விரித்தார்கள். உப்பல்லாத பொருள் அந்த அளவுக்குக் கரையாது என்பது அவர்கள் படித்த பாடம். கடைசியில் ஆஸ்லோவில் நீகார்ட் என்ற சிறிய நார்வே நிறுவனம் காதுகொடுத்தது. அல்மேனின் கட்டுரை 1969-ல் வெளியானது மருத்துவ இதழில் அல்ல, கோட்பாட்டு உயிரியல் இதழில். நீகார்டின் ஆய்வகத்தில் குளுக்கோசமைன் துணையோடு பிறந்த மெட்ரிசமைடு 1970-களில் சந்தைக்கு வந்தது. அதற்கு ஒரு சங்கடம்: சூடு தாங்காது. கரைசலாகப் புட்டியில் அடைத்துக் கிருமிநீக்கம் செய்ய முடியாததால், பொடியாக வரும்; படம் எடுக்கும் முன் கரைத்துக்கொள்ள வேண்டும். 1982-ல் வந்த அயோஹெக்சால் அந்தக் குறையையும் தீர்த்தது. ஆம்னிபேக் என்ற பெயரில் நம் ஸ்கேன் மையங்களின் அலமாரியில் நிற்பது அதுதான்.

விலை பழையதைப்போலப் பல மடங்கு. சற்றுச் சுகமாக இருக்கிறது என்பதற்காக இத்தனை கொடுக்க வேண்டுமா என்று பணக்கார நாடுகளிலேயே வாதாடினார்கள். வாதத்துக்கு விடை ஜப்பானிலிருந்து வந்தது. ஹிதோஷி கதயாமா தலைமையில் 3,37,647 பேருக்கு நடந்த ஊசிகளைக் கணக்கெடுத்து 1990-ல் வெளியிட்டார்கள். பழைய உப்பு மருந்தில் ஏதாவது ஒரு பாதிப்பு கண்டவர்கள் 12.66 சதவீதம், புதியதில் 3.13. கடுமையான பாதிப்பு பழையதில் 0.22, புதியதில் 0.04. ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே. அதற்குப் பிறகு சுகத்தைப் பற்றிய பேச்சு எழவில்லை. அயோஹெக்சால் இன்று உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது. நீகார்ட் கைமாறிக் கைமாறி அமெரிக்காவின் ஜி.இ. நிறுவனத்துக்குள் கரைந்துபோனது. 2022-ல் கோவிட் ஊரடங்கில் அவர்களுடைய ஷாங்காய் ஆலை முடங்கியபோது, உலகின் பல மருத்துவமனைகள், டை என்று நாம் சொல்லும் இந்த மருந்து இல்லாமல் ஸ்கேன்களைத் தள்ளிப்போட்டன.

கான்ட்ராஸ்ட் சி.டி. எடுத்தவர்களுக்கு மீதிக் கதை தெரியும். முழங்கையில் வென்ஃப்ளான். உள்ளே யாரும் இருக்கமாட்டார்கள்; கண்ணாடிக்குப் பின்னாலிருந்து, "மூச்சை இழுத்துப் பிடிங்க." இயந்திரம் மருந்தைத் தள்ளும். தொண்டையில் தொடங்கும் சூடு மார்பைத் தாண்டி அடிவயிற்றுக்கு இறங்கும். வாயில் இரும்புச் சுவை. படுக்கையிலேயே சிறுநீர் போய்விட்டதோ என்று ஒரு பயம். போயிருக்காது. அரை நிமிடத்தில் அடங்கும். பழைய மருந்தின் எரிச்சலில் மிஞ்சியது அவ்வளவுதான்.

வரலாற்றுத் தொடரில் புத்திமதி எதற்கு என்று நினைக்காவிட்டால், இரண்டு விஷயம். மீன், எறா, நண்டு ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு டை ஆகாது என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். எறாவின் ஒவ்வாமைக்குக் காரணம் அதிலுள்ள புரதம், அயோடின் அல்ல. ஆனால் முன்பு எப்போதாவது டை ஏற்றி உடம்பு தடித்ததோ மூச்சு முட்டியதோ இருந்தால், அதைச் சொல்லாமல் மேஜையில் படுக்காதீர்கள். கிரியாட்டினின் கூடியிருந்தாலும், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிட்டாலும், தைராய்டு தொல்லை இருந்தாலும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கேட்டால் சொல்லலாம் என்று இருக்க வேண்டாம்.

அயோடினின் கதையை முடிக்குமுன் ஒரு பெயரை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். லிஸ்பனில் எகாஸ் மோனிஸ் என்ற நரம்பியல் மருத்துவர் 1927-ல் சோடியம் அயோடைடைக் கழுத்துத் தமனியில் செலுத்தி, உயிரோடிருப்பவரின் மூளை ரத்தக்குழாய்களை முதன்முதலாகப் படத்தில் பிடித்தார். நான்கே ஆண்டில் அயோடினைக் கைவிட்டு, அதைவிடத் தெளிவான படம் தரும், வலியே இல்லாத ஒரு புதிய மருந்துக்கு மாறினார். உலகமும் அவர் பின்னால் போனது. அந்த மருந்தில் இருந்தது தோரியம். உடம்புக்குள் போனால் வெளியே வராது, கதிர்வீச்சையும் நிறுத்தாது. அது அடுத்த வாரம். தோரியம் தரும் மோனசைட் மணலை அந்தக் காலத்தில் உலகுக்குப் பெருமளவில் அனுப்பியது திருவிதாங்கூர்க் கடற்கரை. அங்கே அதை முதலில் அள்ளத் தொடங்கிய இடம், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி.